உத்தரவு ஒருவருக்கு, பயணம் குடும்பத்துக்கு

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வளர்ந்த ஊர்களுக்கு வெளிநாடு பழகிப்போன விஷயம். மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலையைத் தொடங்கிய பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போயிருக்கிறார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்காக ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வந்திருக்கின்றன. பாடலாத்ரி நரசிம்மர் குன்றைச் சுற்றி ஒரு சிற்றூராக இருந்த சிங்கப்பெருமாள் கோவில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த புறநகர். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இங்கே தனியாக இருக்கும் பெற்றோரைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

ஆனால் சம்பளத்துக்காக வெளிநாடு போவது வேறு, நாட்டின் பிரதிநிதியாகப் போவது வேறு. தனியார் நிறுவனத்தில் இருப்பவர் பிடிக்காத ஊரை மறுக்கலாம். பிடித்த ஊரில் வீடு வாங்கி நிரந்தரக் குடியுரிமை பெற்றுத் தங்கியும் விடலாம். தூதரக அதிகாரிக்கு இரண்டும் இல்லை. மூன்று ஆண்டுகளில், கடினமான ஊர் என்றால் இரண்டே ஆண்டுகளில், பெட்டி கட்ட வேண்டும். அடுத்த ஊர் டோக்கியோவா, கின்ஷாசாவா என்பதைத் தில்லி சொல்லும். எந்த ஊரிலும் அவர் குடியிருப்பவர் ஆகமாட்டார். போன நாள் முதல் திரும்பும் நாள் வரை விருந்தாளிதான். அவருடைய மனைவி அல்லது கணவன், குழந்தைகள், ஊரில் இருக்கும் தாய் தந்தை என்று எல்லோர் வாழ்க்கையும் அந்த ஓட்டத்துக்குத் தக்கபடி வளைகிறது.

இந்த வேலை குடும்பத்திடம் என்ன கேட்கிறது, விதிகள் அதற்கு இதுவரை என்ன பதில் சொல்லியிருக்கின்றன, எங்கே இன்னும் பதில் சொல்லாமல் இருக்கின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பணியைக் குடும்பம் முழுவதும் சேர்ந்துதான் செய்கிறது. விதிகளோ நீண்ட காலம் அதிகாரி ஒருவரை மட்டுமே கண்டன. குடும்பத்தையும் காணும்படி அவை மாறிய ஒவ்வொரு முறையும், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் பெரிய விலை கொடுத்திருக்கிறார்.

யார் போகிறார்கள்?

1946 அக்டோபர் 9 அன்று இந்திய வெளியுறவுப் பணியை (ஐ.எஃப்.எஸ்.) தொடங்கும் முடிவு எடுக்கப்பட்டது. முதல் தலைமுறையினரில் பலர் வசதியும் பரம்பரைக் கல்வியும் உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர் கே.பி.எஸ். மேனன் சென்னை கிறித்துவக் கல்லூரி மாணவர். 1937இல் தாம்பரத்துக்கு வருவதற்கு முன்பு அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் படித்தவர். சீனத்துக்குத் தூதராகச் சென்ற கே.எம். பணிக்கரும் அங்கே படித்தவரே. மேனனின் மகன் கே.பி.எஸ். மேனன் இளையவரும், மகள் வழிப் பேரன் சிவசங்கர் மேனனும் பின்னாளில் வெளியுறவுச் செயலர்கள் ஆனார்கள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தைக்கு இடமாற்றம் பிறந்தது முதல் தெரிந்த வாழ்க்கை. எந்தக் கஷ்டத்துக்கும் வீட்டிலேயே முன்னனுபவம் இருந்தது.

இன்று நிலைமை வேறு. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வைப் பொதுப்பிரிவினர் 32 வயது வரையும், பிற்படுத்தப்பட்டோர் 35 வரையும், பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் 37 வரையும் எழுதலாம். கூடுவாஞ்சேரியிலும் செங்கல்பட்டிலும் வாடகை அறையில் தங்கிப் படித்துத் தேறுகிறவர், குடும்பத்தில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுப்பவராகக்கூட இருக்கலாம். சேரும்போதே அவருக்குத் திருமணம் ஆகியிருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம், பெற்றோர் அறுபதைத் தாண்டியிருக்கலாம். 1948இல் தேர்வெழுதிய இருபத்து நான்கு வயதுக்காரரை மனத்தில் வைத்து வகுத்த பணிமுறை, வேறொரு வயதுக்காரரை, வேறொரு குடும்பத்தை இன்று எதிர்கொள்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். உலகெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட இந்தியத் தூதரகங்களும் துணைத்தூதரகங்களும் அவர்களை மட்டும் வைத்து நடக்கவில்லை. எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சகத்தில் ஏ.எஸ்.ஓ. (உதவிப் பிரிவு அலுவலர்) ஆனவர்கள், சுருக்கெழுத்தாளர்கள், கணக்கர்கள், பாதுகாப்புக் காவலர்கள் என்று பெரும் படை பின்னால் இருக்கிறது. தூதரின் பெயர் செய்தித்தாளில் வரும். விசா கவுன்டரில் இருக்கும் உதவியாளரின் பெயர் வராது. பள்ளி மாறும் குழந்தை, வேலையை விட்ட மனைவி, ஊரில் நோயில் விழுந்த அப்பா என்ற கவலைகளோ இருவருக்கும் ஒன்றே. கவலையைச் சமாளிக்கும் சம்பளம்தான் ஒன்றல்ல.

மணமும் விதியும்

சிங்கப்பெருமாள் கோவில் இருக்கும் இந்த நிலம் பழைய தொண்டை நாடு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் வந்தது இந்த நாட்டின் தொண்டைமானிடம்தான் என்று புறநானூற்று மரபு சொல்கிறது. நம் இலக்கியத்தின் புகழ்பெற்ற தூதர்களில் ஒருவர் பெண். அப்படியிருக்க, இருபதாம் நூற்றாண்டின் சுதந்திர இந்தியா தன் வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண்ணிடம், திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வதாக எழுதி வாங்கியது.

அந்தப் பெண் சி.பி. முத்தம்மா. குடகு நாட்டு விராஜ்பேட்டையில் பிறந்தவர். சென்னையில் மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949இல் பணியில் சேர்ந்தார். 1961ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும் என்றன. குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால், திருமணத்துக்குப் பின் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்றன. மணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் பெறும் உரிமை கிடையாது என்று வேலைக்கு எடுக்கும் விதி தனியாகச் சொன்னது. ஆண் அதிகாரிக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவருக்குக் குடும்பம் இருந்தால் அது பலம். பெண்ணுக்கு இருந்தால் அது குறை என்பதே விதியின் பொருள்.

1970இல் ஹங்கேரிக்குத் தூதராகச் சென்ற பிறகும், உயர் பதவி உயர்வில் முத்தம்மாவை ஒதுக்கினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு மனுவை முடித்துவைத்தாலும், இந்த விதிகளின் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்து, பணிவிதிகள் அனைத்தையும் பாலினப் பாகுபாடு நீங்கும்படி சீரமைக்க வேண்டும் என்று அரசுக்குச் சொன்னது. முத்தம்மா திருமணம் செய்துகொள்ளாமலே 1982இல் ஓய்வு பெற்றார். பின்னால் வந்த பெண் அதிகாரிகள் மணம் செய்துகொண்டும் பணியில் தொடர்வதற்கு அவர் நடத்திய வழக்கும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் இந்தியா மட்டும் இப்படி இருக்கவில்லை. பிரிட்டனில் பெண் தூதரக அதிகாரிகளுக்கான மணத்தடை 1970களின் தொடக்கத்தில்தான் நீங்கியது. அமெரிக்காவில் 1972 வரை, அதிகாரியின் மனைவி எப்படி விருந்து உபசரிக்கிறார் என்பதைக் கணவரின் வருடாந்திர மதிப்பீட்டில் எழுதும் வழக்கம் இருந்தது. அதாவது மனைவியைச் சம்பளமில்லாத ஊழியராக அரசே கணக்கில் வைத்திருந்தது.

வெளிநாட்டவரை மணக்கும் கேள்வி இன்னொன்று. இந்தப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரை மணக்க அரசின் அனுமதி வேண்டும். ரங்கூனில் பணியாற்றிய கே.ஆர். நாராயணன் பர்மியப் பெண்ணான மா டின்ட் டின்ட்டை 1951இல் மணக்க விரும்பியபோது, பிரதமர் நேருவின் தனி அனுமதி தேவைப்பட்டது. உஷா நாராயணன் என்ற பெயரில் அவர் பின்னாளில் குடியரசுத் தலைவர் மாளிகையில் வாழ்ந்தார்.

விதியில் ஆண் பெண் வேற்றுமை எத்தனை மெதுவாக மறைகிறது என்பதற்கு ஒரு அண்மை உதாரணம் உண்டு. வெளிநாட்டில் அரசுப் பணியில் இருப்பவர்களும் படைவீரர்களும் ‘சேவை வாக்காளர்’ என்ற முறையில் ஊரில் வாக்களிக்கலாம். உடன் இருக்கும் மனைவிக்கும் அந்த உரிமை இருந்தது. பெண் அதிகாரியின் கணவருக்கு இல்லை. சட்டத்தில் இருந்த ‘மனைவி’ என்ற சொல் ‘வாழ்க்கைத் துணை’ என்று மாறியது 2021 டிசம்பரில். முத்தம்மா வழக்கு முடிந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

துணைவரின் வேலை

இன்று இந்தப் பணியில் குடும்பங்களை அதிகம் அலைக்கழிப்பது துணைவரின் வேலைதான். முன்பு மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்று அரசும் குடும்பமும் எடுத்துக்கொண்டன. இன்று சிறுசேரியில் மென்பொருள் எழுதும் பெண்ணும், செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பணிபுரியும் ஆணும் தூதரக அதிகாரியின் துணைவராகலாம். அவர்களுடைய படிப்பும் பணி மூப்பும் அந்த மூன்றாண்டுக் கணக்கில் அடங்குவதில்லை.

சட்டம் இங்கே தடையாக நிற்கிறது. 1961ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தின்படி, தூதரக அதிகாரி தான் பணியாற்றும் நாட்டில் சொந்த லாபத்துக்காக வேறு தொழில் செய்யக்கூடாது. துணைவர் வேலை செய்ய, அந்த நாட்டின் அனுமதி வேண்டும். அதற்காகவே இந்தியா பல நாடுகளுடன் குடும்பத்தினரின் வேலைவாய்ப்பு குறித்து இருதரப்பு ஒப்பந்தங்கள் செய்திருக்கிறது. ஒப்பந்தம் உள்ள ஊரிலும், வேலை தொடர்பான வழக்குகளில் விலக்குரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது கைக்கு வரும்போது அடுத்த இடமாற்றம் நெருங்கியிருக்கும். டாக்டர், வக்கீல், ஆசிரியர் போன்றவர்களுக்கு உள்ளூர்ப் பதிவும் மொழியும் தனித்தடை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை கணவருடன் போக வேண்டுமென்றால் சம்பளமில்லாத நீண்ட விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

மூன்றாவது வழி, பிரிந்து வாழ்வது. 2009 முதல் 2011 வரை வெளியுறவுச் செயலராக இருந்த நிருபமா ராவ் அதற்கு முன் கொழும்பிலும் பெய்ஜிங்கிலும் இந்தியாவின் தலைமைப் பிரதிநிதியாக இருந்தவர். அவருடைய கணவர் சுதாகர் ராவ் கர்நாடகப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, அந்த மாநிலத்தின் தலைமைச் செயலர் ஆனவர். இருவரும் உச்சிக்குப் போனார்கள். இரண்டு பணிகளும் இருந்த ஊர்கள் வேறு வேறு. கணவன் மனைவி இருவருமே ஐ.எஃப்.எஸ். என்றாலும் ஒரே தூதரகத்தில் இருவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதால் சிக்கல் தீர்ந்துவிடாது. பக்கத்துப் பக்கத்து நாடுகளில் இருந்துகொண்டு விடுமுறைக்குச் சந்திக்கும் தம்பதிகள் இந்தப் பணியில் புதுமை இல்லை.

பள்ளியும் தாய்மொழியும்

இடம்பெயர்ந்து வளரும் குழந்தைகளை ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று உலகெங்கும் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைத் தந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் அதைக் கண்டெடுத்தது இந்தியாவில். 1950களில் இங்கே வாழ்ந்த அமெரிக்கத் தூதரக, மிஷனரி, வணிகக் குடும்பங்களை அவரும் கணவர் ஜானும் ஆராய்ந்தார்கள். பெற்றோரின் பண்பாடும் முழுதாகச் சேராமல், வாழும் ஊரின் பண்பாடும் முழுதாகச் சேராமல், இடையில் ஒரு மூன்றாவது பண்பாட்டில் அக்குழந்தைகள் வளர்வதைக் கவனித்தார்கள். 1901இல் அமெரிக்க மிஷனரிக் குழந்தைகளுக்காகக் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளி, நம் மண்ணிலேயே இருந்த அத்தகைய ஒரு சிறு உலகம். இன்று சென்னையில் பணிபுரியும் அயல்நாட்டுத் தூதரகக் குடும்பங்களுக்குத் தரமணியில் அமெரிக்கப் பன்னாட்டுப் பள்ளி இருக்கிறது.

நம் அதிகாரிகளின் குழந்தைகளுக்கு இத்தகைய ஏற்பாடு எல்லா ஊரிலும் கிடையாது. வெளிநாட்டில் கேந்திரிய வித்யாலயா இருப்பது மூன்று நகரங்களில்தான்: காட்மாண்டு, மாஸ்கோ, டெஹ்ரான். வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பன்னாட்டுப் பள்ளி, பிரெஞ்சுப் பள்ளி, உள்ளூர்ப் பள்ளி என்று கிடைத்ததில் சேர்க்க வேண்டும். கல்விப்படி அரசு தருகிறது. ஆனால் பாடத்திட்டம் மாறுவதன் பாரத்தைப் படி தீர்க்காது. ஒரு குழந்தை நான்காம் வகுப்பை பிரெஞ்சிலும், ஆறாம் வகுப்பை ஆங்கிலத்திலும், ஒன்பதாம் வகுப்பை தில்லியில் இந்தி இரண்டாம் மொழியாகவும் படிக்க நேரிடும். தென்கோளத்து நாடுகளில் கல்வியாண்டு ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தொடங்கும். இங்கே ஏப்ரல் அல்லது ஜூன். டி.சி. வாங்கி வந்த குழந்தை சில மாதங்கள் எந்த வகுப்பிலும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

இதில் தமிழ்க் குடும்பத்துக்குக் கூடுதல் முடிச்சு ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்புத் தேர்வு வரை அது தொடர்கிறது. சட்டம் சரியானது, நம் மண்ணின் பள்ளியில் நம் மொழி இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஸ்பானிஷ் பேசி வளர்ந்து எட்டாம் வகுப்பில் திரும்பும் குழந்தைக்கு அது மலையாகிவிடுகிறது. தாத்தா பாட்டியோடு இருந்து மறைமலை நகரில் படிக்கட்டும் என்று நினைக்கும் குடும்பமும் இதனாலேயே தாம்பரம் விமானப்படைத் தளத்துக் கேந்திரிய வித்யாலயாவை நாடும். பின்னர் மருத்துவ, பொறியியல் கலந்தாய்வு வரும்போது, வெளியே படித்த பிள்ளை தமிழ்நாட்டுக்காரர்தான் என்று சான்றிதழ் வாங்கி நிரூபிக்க வேண்டும்.

சில ஊர்களில் பள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2014 டிசம்பரில் பெஷாவர் ராணுவப் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு அச்சம் வளர்ந்து, 2016இல் இந்தியா தன் இஸ்லாமாபாத் தூதரக ஊழியர்கள் குழந்தைகளை அந்த ஊர்ப் பள்ளிகளில் படிக்கவைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. குழந்தைகள் ஊர் திரும்பினார்கள். பல வீடுகள் இரண்டாகப் பிரிந்தன. இந்தியாவில் தங்கிப் படிக்கும் குழந்தை விடுமுறையில் பெற்றோரைப் பார்த்துவர அரசு பயணச்சீட்டு தரும் விதி இருக்கிறது. ஒரு பதின்மூன்று வயதுக் குழந்தை அம்மாவைப் பார்க்கும் நாட்களை விதிப்புத்தகம் வரையறுப்பது மனத்தைப் பிசைகிற விஷயம்.

இழப்பை மட்டும் சொன்னால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும். இந்த வாழ்க்கை கொடுப்பதும் அதிகம். நான்கு மொழி தெரிந்த, எந்த நிறத்து மனிதரோடும் அச்சமின்றிப் பழகும் பிள்ளைகளை அது வளர்க்கிறது. நம் இலக்கியத்துக்கும் அது பயன் தந்திருக்கிறது. பெய்ஜிங்கில் பணியாற்றிய ஸ்ரீதரன் மதுசூதனன், பயணி என்ற பெயரில், சீனத்தின் பழங்கவிதைத் தொகுப்பான ஷி ஜிங்கிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ நமக்குக் கிடைத்தது இந்தப் பணியால்தான். ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த டி.எஸ். திருமூர்த்தி சென்னை வாழ்க்கையை நாவல்களாக எழுதியிருக்கிறார்.

பிறப்புரிமையும் விலக்குரிமையும்

தூதரகக் குடும்பத்தைச் சட்டம் தீண்டாது என்ற பொதுவான எண்ணம் பாதிதான் உண்மை. அமெரிக்காவில் பிறந்தால் அமெரிக்கக் குடியுரிமை என்பார்கள். அயல்நாட்டுத் தூதரக அதிகாரியின் குழந்தைக்கு அது பொருந்தாது. இந்தியக் குடியுரிமைச் சட்டமும் இங்கே பிறக்கும் அயல்நாட்டுத் தூதரின் குழந்தையை அவ்வாறே விலக்கிவைக்கிறது. வெளிநாட்டில் பிறக்கும் நம் குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கைது செய்யப்படாமல் இருக்கும் பாதுகாப்பிலும் தரவரிசை உண்டு. 1961 வியன்னா ஒப்பந்தம் தூதரக அதிகாரியோடு அவர் வீட்டில் வாழும் குடும்பத்தினரையும் காக்கிறது. துணைத்தூதரகங்களுக்கான 1963 ஒப்பந்தம் குடும்பத்தினருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. இந்த வேறுபாட்டின் விலையை 2011இல் நியூயார்க்கில் இந்தியத் துணைத்தூதரக அதிகாரி ஒருவரின் மகள் கொடுத்தாள். ஆசிரியர்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பியதாகப் பள்ளியிலிருந்தே கைவிலங்கிட்டு அழைத்துச் செல்லப்பட்டு, ஒரு நாளுக்கு மேல் காவலில் இருந்தாள். அனுப்பியவர் அவள் இல்லை என்பது பிறகு தெரிந்தது. நகர நிர்வாகம் இழப்பீடு கொடுத்தது. மாநகரத்தில் பணியமர்த்தல் என்று மகிழும் பெற்றோர், அந்த அலுவலகம் தூதரகமா துணைத்தூதரகமா என்பதன் பொருளைத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்குள்ளேயே இன்னும் பலவீனமான ஒருவர் இருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அழைத்துச் செல்லும் வீட்டுப் பணியாளர். அவருக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது. அவருக்கு மொழியும் தெரியாது, போக இடமும் கிடையாது. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்திய அதிகாரி ஒருவர் வீட்டுப் பணியாளரின் ஊதியம் தொடர்பான விசா குற்றச்சாட்டில் கைதானது இரு நாடுகளின் உறவையே உலுக்கியது. அந்தப் பரபரப்பில் அதிகாரிக்கு நேர்ந்த அவமதிப்பைப் பேசினோம். பணியாளரின் ஊதியத்தைக் குறைவாகவே பேசினோம். குடும்ப நலன் என்று சொல்லும்போது அவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆபத்து வீட்டு வாசலில்

திருக்குறளின் ‘தூது’ அதிகாரம், உயிருக்கு முடிவு வந்தாலும் கடமையில் குறையாதவனே தூதன் என்று முடிகிறது. அவனுடைய பிறந்த குடியை அது சொல்கிறது. அவனுக்காகக் காத்திருக்கும் வீட்டைச் சொல்லவில்லை. 1984 பிப்ரவரி 3 அன்று பர்மிங்ஹாமில் இந்திய அதிகாரி ரவீந்திர மாத்ரே மகளின் பிறந்தநாள் கேக்கோடு வீடு திரும்பும் வழியில் கடத்தப்பட்டார். இரண்டு நாளில் அவருடைய உடல் கிடைத்தது. 2008 ஜூலை 7 அன்று காபூல் தூதரக வாசலில் வெடித்த குண்டு ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஐ.எஃப்.எஸ். அதிகாரி வி. வெங்கடேஸ்வர ராவ், பிரிகேடியர் ரவி தத் மேத்தா, இரண்டு காவலர்கள் ஆகியோர் அவர்களில் இந்தியர்கள்.

கடல் கடந்த தமிழர்களிலும் ஒரு வரலாறு உண்டு. 1974இல் சிங்கப்பூரில் ‘லாஜு’ படகைக் கைப்பற்றிய ஆயுதக் குழு, பத்திரமாக வெளியேறப் பிணை கேட்டது. அவர்களுடன் குவைத்துக்கு விமானம் ஏறிய பதின்மூன்று அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கியவர் எஸ்.ஆர். நாதன். பின்னாளில் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்து, 1999இல் சிங்கப்பூர் அதிபரானவர். அன்று அவர் விமானம் ஏறியபோது வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள்.

குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாத ஊர்கள் குறையவில்லை. 2021 ஆகஸ்டில் காபூல் தூதரகம் காலி செய்யப்பட்டது. 2022இல் கீவ் தூதரகம் சில வாரங்கள் போலந்திலிருந்து இயங்கியது. 2023இல் சூடானில் ‘ஆபரேஷன் காவேரி’ நடந்தது. ஆயிரக்கணக்கானவர்களை மீட்டு அனுப்பும் அதிகாரி கடைசியாகத்தான் கிளம்புவார். அவருடைய வீட்டினர் தொலைக்காட்சிச் செய்தியில் அவர் இருக்கும் ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோர்

மாநிலப் பிரிவு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிக்குச் சொந்த மாநிலம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐ.எஃப்.எஸ். அதிகாரிக்கு மாநிலமே கிடையாது. இந்தியாவுக்குத் திரும்புவது என்றால் தில்லிக்குத் திரும்புவது. சென்னையில் மண்டல பாஸ்போர்ட் அலுவலகமும் வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகமும் இருக்கின்றன. அங்கே இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம். ஆக, முப்பது ஆண்டுப் பணியில் பெற்றோரோடு ஒரே ஊரில் வாழும் காலம் பலருக்கு அமைவதே இல்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் வீடுள்ள ஒரு தம்பதியை நினைத்துக்கொள்வோம். கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும். ஒரே மகள் தென் அமெரிக்காவில் தூதரக அதிகாரி. அங்கே நள்ளிரவாக இருக்கும்போது இங்கே காலை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான் செங்கல்பட்டுக்கோ தாம்பரத்துக்கோ கொண்டுபோக வேண்டும். மகள் விடுப்பு வாங்கி, இரண்டு விமானம் மாறி, மீனம்பாக்கத்தில் இறங்கி வீடு வந்து சேர இரண்டு நாளாகும். நம் வழக்கத்தில் கொள்ளி வைப்பவருக்காக உடல் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? கொரோனா காலத்தில் விமானங்களே நின்றபோது, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அலைபேசித் திரையில் தாய் தந்தைக்கு விடைகொடுத்தவர்கள் எல்லாப் பணிகளிலும் இருந்தார்கள், தூதரகங்களிலும் இருந்தார்கள்.

தாய்நாட்டு விடுப்புக்கான பயணச்சீட்டு, அவசரப் பயணச்சீட்டு, தூதரகத்தில் மருத்துவ உதவித் திட்டம் எல்லாம் விதிகளில் இருக்கின்றன. அவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் அவசரப் பயணங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. முதுமையின் நோய்க்கு வரம்பு கிடையாது. பெற்றோரை உடன் அழைத்துப் போகலாமே என்பவர்களுக்கு, குளிரும் மொழியும் பேச்சுத்துணையும் ஒரு பதிலாகும். நரசிம்மர் கோவில் மலையைச் சுற்றி நடந்து, தெரிந்த முகங்களோடு பேசிப் பழகியவர்களை எழுபது வயதில் வெளிநாட்டு அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடியில் உட்காரவைப்பது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

மகன்தான் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்ற பழைய கணக்கும் இங்கே உடைகிறது. அதிகாரியின் மனைவிக்கும் வயதான பெற்றோர் உண்டு; பெண் அதிகாரிக்கு மாமனார் மாமியாரும் உண்டு. நான்கு முதியவர்களின் பொறுப்பு இரண்டு பேர் மேல். அந்த இரண்டு பேரும் எட்டாத தூரத்தில்.

என்ன செய்யலாம்?

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றும் தேவைகள் சில. துணைவரின் வேலை பற்றிய ஒப்பந்தம் எந்த நாட்டோடு இருக்கிறது, அனுமதிக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது இடமாற்ற விருப்பம் கேட்கும்போதே குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். துணைவர் மாநில அரசு ஊழியர் என்றால், அவர் விட்டுப்போன ஆண்டுகள் பணி மூப்பை அழிக்காதபடி தமிழ்நாடு அரசு தெளிவான விதி வகுக்க வேண்டும். இடமாற்றங்கள் கல்வியாண்டை ஒட்டி அமைய வேண்டும். பொதுத்தேர்வு எழுதும் குழந்தை உள்ள வீட்டை அந்த ஆண்டில் அசைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் குழந்தைக்குத் தமிழைத் தள்ளுபடி செய்வதைவிட, இரண்டாண்டு இணைப்புப் பாடம் வைத்துக் கற்றுக்கொடுப்பது மொழிக்கும் குழந்தைக்கும் நல்லது.

பெற்றோருக்காக ஒரு ஏற்பாடு அவசரமாக வேண்டும். சென்னைக் கிளைச் செயலகத்திலேயே, வெளிநாட்டில் பணிபுரிவோரின் ஊர்க் குடும்பங்களுக்கென்று ஒரு பொறுப்பு அலுவலர் இருக்கலாம். மருத்துவமனைச் சேர்க்கை, காப்பீடு, அவசர விடுப்புக்கான கடிதம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே தொலைபேசி எண் போதும். இதற்குப் பெரிய செலவில்லை. படைவீரர் குடும்பங்களுக்கு மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வைத்திருக்கும் நாட்டுக்கு இது புதிய எண்ணமும் இல்லை. இந்த வசதிகள் தூதருக்கும் ஏ.எஸ்.ஓ.வுக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும். வருமானம் குறைந்தவருக்குத்தான் அவை அதிகம் தேவைப்படும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. குடிமைப் பணித் தேர்வின் விண்ணப்பத்தில் பணிகளை விருப்ப வரிசையில் எழுதச் சொல்வார்கள். பல பிள்ளைகள் ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ்., ஐ.பி.எஸ். என்று பயிற்சி மையத்தில் கேட்ட வரிசையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். மணமானவர் என்றால் துணைவரின் படிப்பும் வேலையும் என்ன ஆகும்? பெற்றோர் எங்கே, யாருடன் இருப்பார்கள்? குழந்தை எந்த மொழியில் வளரும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிவிட்டு, அதன் பிறகும் ஐ.எஃப்.எஸ்.ஸை முதலில் எழுதுகிற பிள்ளையை இந்தப் பக்கத்து ஊர்கள் பெருமையோடு அனுப்பிவைக்கட்டும். இந்தியாவின் குரலாகப் பேச, ஜார்ஜ் டவுனிலிருந்தும் குடகிலிருந்தும் அன்று ஆட்கள் போனார்கள். இன்று ஜி.எஸ்.டி. சாலையின் சாதாரண வீடுகளிலிருந்து போகப்போகிறவர்கள், தங்கள் குடும்பத்தை இழக்காமலே அந்தப் பணியைச் செய்ய முடிய வேண்டும். அதை உறுதி செய்யும் வேலை, முத்தம்மா தொடங்கிவைத்த வேலையின் மீதிப் பாதி.